நோயுற்ற மனைவியின் சம்மதம்

2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு முன் ஒரு தம்பதியின் விவகாரம் வந்தது. இனி சேர்ந்து வாழ முடியாது, பரஸ்பர சம்மதத்தோடு பிரிகிறோம், கணவர் 12.5 லட்சம் ரூபாய் தருவார், அதோடு எல்லாக் கணக்கும் முடிந்தது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் குடும்ப நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பவை. ஆனால் இந்த மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சைக்கு உடனே பணம் வேண்டும். நீதிபதிகள் விவாகரத்து தர மறுத்தார்கள். பேசிய தொகையில் 5 லட்சத்தைக் கணவர் உடனடியாகக் கொடுக்க வேண்டும், மனைவி நலமடைந்த பிறகு வேண்டுமானால் பிரிவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் சுருக்கமானது. மனைவியின் உடல்நலத்தைப் பார்ப்பது கணவனுக்கு முன்பே உள்ள கடமை. முன்பே கொடுக்கவேண்டியதைக் கொடுப்பதாகச் சொல்லி, அதற்கு ஈடாக அவளிடமிருந்து விவாகரத்தை வாங்க முடியாது.

தீர்ப்பைப் பாராட்டியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. நான் இரண்டையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, தீர்ப்புக்குள் கிடக்கும் பழைய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நோயில் விழுந்த மனைவி, பிரிவதற்குச் சம்மதம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு என்ன? இந்தக் கேள்வி 2015-ல் பிறந்ததல்ல. நம் நாட்டுச் சட்டமும் வழக்கமும் குறைந்தது பதினெட்டு நூற்றாண்டுகளாக இதைச் சுற்றி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகும். சம்மதத்தையும் காசையும் சட்டம் சேர்த்துப் பார்த்த இடங்களில் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது பிடிமானம் இருந்தது. காசை விட்டுவிட்டுச் சம்மதத்தை மட்டும் கேட்ட இடங்களில் அது வெறும் சடங்காகப் போயிற்று. இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்துச் சட்டத்தைப் பற்றி. கிறிஸ்தவர்களுக்கு 1869-லேயே விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது, முஸ்லிம்களின் சட்டம் வேறு பாதையில் வளர்ந்தது. அவற்றின் கதையைத் தனியாக எழுதவேண்டும்.

முதலில் ஸ்மிருதிகள். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில், மனைவி உயிரோடிருக்கையிலேயே கணவன் வேறொருத்தியை மணக்கலாம் என்பதற்கான காரணங்களின் பட்டியல் இருக்கிறது. குடிப்பவள், எதிர்த்துப் பேசுபவள், பணத்தை வீணாக்குபவள் என்று போகும் அந்தப் பட்டியலில் நோயாளியும் இருக்கிறாள். ஆனால் இரண்டு சுலோகம் தள்ளி ஒரு விலக்கு வருகிறது. நோயுற்றவள் கணவனிடம் அன்பும் நல்லொழுக்கமும் உள்ளவளானால், அவளிடம் அனுமதி பெற்றுத்தான் வேறு பெண்ணை மணக்கலாம், அவளை ஒருபோதும் அவமதிக்கக் கூடாது. மற்ற மனைவியர் யாரிடமும் கேட்கச் சொல்லாத அனுமதியை நோயாளியிடம் மட்டும் கேட்கச் சொல்வது கவனிக்கத்தக்கது. நோய் அவள் செய்த குற்றமல்ல என்ற உணர்வு அந்த வரியில் தெரிகிறது. ஆனால் அதற்கு அடுத்த சுலோகத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். அப்படி ஒதுக்கப்பட்டவள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனால் அவளை அடைத்துவைக்கலாம், அல்லது உறவினர் முன்னிலையில் கைவிட்டுவிடலாம். சரி என்றால் வீட்டின் மூலையில் இருக்கலாம், இல்லை என்று கிளம்பினால் தெரு. அனுமதி கேட்பதற்கு இதைவிடக் குறுகலான இடம் இருக்க முடியாது.

யாக்ஞவல்கியர் இன்னும் உலகியல் அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் அனுமதியைப் பற்றி அதிகம் பேசவில்லை, பணத்தைப் பற்றிப் பேசினார். மேல்மணம் செய்தவன் முதல் மனைவியைக் காப்பாற்றியே ஆகவேண்டும், தவறினால் பெரும் பாவம். இரண்டாம் மணத்துக்கு எவ்வளவு செலவழித்தானோ அதே அளவு முதலாமவளுக்குக் கொடுக்கவேண்டும், அவளுக்கு முன்பே ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் பாதி. இதற்கு ஆதிவேதனிகம் என்று தனிப் பெயரே உண்டு. சொல் தட்டாத, திறமையுள்ள, பிள்ளை பெற்ற, இனிமையாகப் பேசும் மனைவியைக் கைவிட்டவனிடமிருந்து சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். சொத்தில்லாதவன் என்றால் சோறாவது போடவேண்டும். இந்த நிபந்தனைகளெல்லாம் நல்ல மனைவிக்குத்தான் என்பது உண்மை. யார் நல்லவள் என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. இருந்தாலும் பிரிவுக்கு ஒரு தொகை உண்டு, அது கணவனின் வசதியோடு ஏறி இறங்கும் என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது.

சாஸ்திரம் எட்டாத இடங்களில் தமிழ்ச் சாதிகளின் வழக்கம் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், மதுரைப் பக்கத்துக் கள்ளர்களின் வழக்கம் பழைய அதிகாரிகளின் குறிப்புகளிலிருந்து எடுத்தாளப்பட்டிருக்கிறது. கணவனுக்கு மனைவியைப் பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடலாம், ஆனால் தன் சொத்தில் பாதியைக் கொடுக்கத் தயாராக இருக்கவேண்டும். மனைவிக்குக் கணவனைப் பிடிக்கவில்லை என்றால் அவளும் போகலாம், 42 காளிப்பணம் கட்டவேண்டும். சாதிக்காரர்கள் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் பிரிவு முடிந்தது. துரும்பு கொடுப்பது என்றாலே தீர்த்துவிடுவது என்று பொருள். பிறகு அவள் அறுத்துக்கட்டலாம், அதாவது பழைய தாலியை அறுத்துவிட்டு வேறு தாலி கட்டிக்கொள்ளலாம். இங்கே சம்மதத்துக்கு இடமே இல்லை, மனைவி நோயாளியா நலமானவளா என்ற கேள்வியும் இல்லை. பாதிச் சொத்துதான் பேசியது. இது வெள்ளைக்கார அதிகாரியின் குறிப்பு, ஏட்டில் இருப்பது எல்லாம் ஊரில் நடந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாதிச் சொத்தை உண்மையில் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று எவரும் எண்ணிவைக்கவில்லை. ஆனாலும் மனைவியை அனுப்புவதற்கு ஒரு செலவு உண்டு என்று பஞ்சாயத்தின் எதிரே ஒப்புக்கொள்ளும் சமூகத்தில், அந்தச் செலவே பல துரும்புகளைக் கொடுக்காமல் நிறுத்தியிருக்கும். துரும்புக்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது, அதற்கு ஒரு கணக்கு இருந்தது.

சாஸ்திரம் சொன்ன அனுமதி, பணம் இரண்டையும் பிடுங்கிப் போட்டது பிரிட்டிஷ் நீதிமன்றம். சென்னை உயர்நீதிமன்றம் 1862-ல் திறக்கப்பட்டது. மறு வருடமே, 1863-ல், அதன் முன் வந்த ஒரு வழக்கில் இந்து ஆண் எத்தனை மனைவியரை வேண்டுமானாலும் மணக்கலாம், முதல் மனைவியின் சம்மதமோ காரணமோ தேவையில்லை என்ற நிலைப்பாடு உறுதியானது. கணவன் இன்னொருத்தியைக் கொண்டுவந்தான் என்பதற்காக வெளியேறும் மனைவி தனியாக ஜீவனாம்சம் கேட்க முடியாது என்பதும் அதோடு வந்தது. மனுவின் நிபந்தனைகள் நல்லுபதேசங்களே, சட்டம் அல்ல என்று ஆங்கில நீதிபதிகள் வகுத்துக்கொண்டார்கள். உபதேசம் என்று தள்ளியவற்றில் நோயாளியிடம் அனுமதி கேட்கும் வரியும் ஒன்று. சாஸ்திரத்தின் கட்டுப்பாடுகள் போயின, சாஸ்திரம் ஆணுக்குக் கொடுத்த சுதந்திரம் மட்டும் சட்டமாக நின்றது. இந்து மரபைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்த காரியம் இது. இதன் பிறகு எண்பத்துமூன்று வருடம், 1946 வரை, மேல்மணத்தால் ஒதுக்கப்பட்ட நோயாளி மனைவிக்கு இருந்த இடம் அவள் கணவன் வீட்டின் கூரைதான். வெளியே வந்தால் வாழாவெட்டி என்று பெயர், பிறந்த வீட்டுத் திண்ணை. மேல்சாதிகளின் நிலை இது. துரும்பும் அறுத்துக்கட்டும் உள்ள சாதிகளுக்கு நீதிமன்றம் வழக்கத்தை ஒப்புக்கொண்டது, ஆனால் வழக்கம் என்று நிரூபிக்கும் சுமை கேட்பவர் தலையில் விழுந்தது.

இந்தக் கட்டத்தில் மார்பகப் புற்றுநோய் கதைக்குள் எங்கே வருகிறது என்று கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அது பெரிதாக வரவே இல்லை, காரணம் கொடியது. மார்பில் கட்டி வந்த பெண் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் மறைத்தாள், புண்ணாகி வெளித்தெரியும்போது காலம் கடந்திருந்தது. விவாகரத்து பேசும் அளவுக்கு அந்த நோய் அவளை வாழவிடவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்ததும், அந்த வேதனை அவரைப் புற்றுநோய் மருத்துவமனை என்ற எண்ணத்துக்குத் தள்ளியதும் தெரிந்த செய்தி. இந்திய மாதர் சங்கத்தின் பேரால் 1949-ல் நிதி திரட்டத் தொடங்கி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மையம் திறந்தது. அதே பெண்மணிதான் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகவும் குழந்தை மணத்துக்கு எதிராகவும் நின்றவர். மணவாழ்க்கையின் சட்டத்தைத் திருத்துவதும் புற்றுநோய்க்கு மருத்துவமனை கட்டுவதும் அவர் வாழ்வில் ஒன்றாக இருந்ததை நாம் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்துப் படிக்கிறோம். அறுவை, கதிர்வீச்சு, பிறகு கீமோ, 1970-களில் உலகம் முழுவதும் பரவத் தொடங்கிய தமாக்சிஃபென் மாத்திரை என்று சிகிச்சை நீள நீள, நோயாளியும் நீண்ட நாள் வாழ்ந்தாள். இன்று சென்னைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான், முன்பு முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். வாழ்வு நீண்டபோது செலவும் நீண்டது. அறுவைக்கு ஒருமுறை கட்டும் பணமாக இல்லாமல் மாதாமாதம், வருடாவருடம் கட்டும் பணமாக அது மாறியது. சாவு விரைவாக வந்த காலத்தில் எழாத கேள்வி, யார் கட்டுவது என்ற கேள்வி, அப்போதுதான் எழுந்தது.

சட்டமும் ஏறக்குறைய அடையாறு மையம் உருவான அதே பத்தாண்டில் விழித்தது. 1946-ல் வந்த மத்தியச் சட்டம், கணவன் மறுமணம் செய்தால் மனைவி தனியே இருந்து ஜீவனாம்சம் வாங்கலாம் என்றது. 1863-ன் முடிவை அது ஒரு வரியில் அழித்தது. 1949-ல் சென்னை மாகாணம் தன் பங்குக்கு இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழிவிட்டது. 1955-ல் இந்துத் திருமணச் சட்டம். அதில் விவாகரத்துக்குக் காரணமாகச் சேர்த்த நோய்களைப் பாருங்கள்: தீராத தொழுநோய், தொற்றும் பால்வினை நோய், தீராத மனநோய். புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை, பின்னாலும் வரவில்லை. தொழுநோயையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆக, புற்றுநோயைக் காட்டி எந்தக் கணவனும் விவாகரத்து கேட்க முடியாது. இதைப் பெரிய பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் 1956-ல் வந்த தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் ஒரு சிறு வரையறைதான் அதைவிடப் பெரிது. ஜீவனாம்சம் என்றால் உணவு, உடை, இருப்பிடம், கல்வியோடு மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் என்று அது எழுதிவைத்தது. சோறும் துணியும் கூரையும் என்று பழைய நூல்கள் சொன்ன பட்டியலில் மருந்துக்கு இப்படித்தான் எழுத்தில் இடம் கிடைத்தது. ஆனால் இந்தப் பிரிவு மனைவிக்கு, விவாகரத்தானவளுக்கு அல்ல. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

எழுத்தில் இடம் கிடைத்தால் கையில் காசு வந்துவிடுமா? ஏழைப் பெண்கள் போவது உரிமையியல் நீதிமன்றத்துக்கு அல்ல, மாஜிஸ்திரேட்டிடம்தான். அங்கே 2024 வரை இருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. மாதம் 500 ரூபாய்க்குமேல் உத்தரவிட முடியாது என்ற உச்சவரம்பு அதில் 1973-ல் எழுதப்பட்டு 2001-ல்தான் நீக்கப்பட்டது. இருபத்தெட்டு வருடம், விலைவாசி எங்கே போனாலும், அந்த எண் அசையவில்லை. கீமோ ஊசிகள் இங்கு பரவலான காலமும் அதுவே. கணவனால் தள்ளிவைக்கப்பட்ட ஒரு பெண், கட்டி இருக்கிறது என்று தெரிந்து மாஜிஸ்திரேட்டிடம் போனால், மாதத்துக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 500. அது பேருந்துக் கட்டணத்துக்கும் ஸ்கேனுக்குமே போதாது. உயர்ந்த தொகை வேண்டுமானால் திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். அந்த மனுவை முடிந்தவரை 60 நாளில் முடிக்கவேண்டும் என்று 2001-ல் திருத்தினார்கள். மூன்று வாரத்துக்கொருமுறை கீமோ ஏற்றும் ஒரு பெண்ணுக்கு 60 நாள் என்றால் ஏறக்குறைய மூன்று சுற்று. குடும்ப நீதிமன்றத்தின் வாசலில் நின்றவர்களுக்கு 60 நாள் என்பது எப்படி நீளும் என்று தெரியும்.

சம்மதம் மறுபடி சட்டத்துக்குள் வந்தது 1976-ல். மனுவின் அனுமதிக்குப் பிறகு இந்துச் சட்டம் மனைவியின் சம்மதத்தைத் திரும்பக் கேட்டது பரஸ்பர சம்மத விவாகரத்து வந்தபோதுதான். ஒரு வருடம் தனியாக இருந்திருக்கவேண்டும். முதல் மனு போடவேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள், இரண்டாம் முறை வந்து சம்மதம் என்று சொல்லவேண்டும். அந்தச் சம்மதம் வற்புறுத்தியோ ஏமாற்றியோ தகாத செல்வாக்கைச் செலுத்தியோ வாங்கப்படவில்லை என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும் என்றும் அதே திருத்தம் சேர்த்தது. தீர்ப்பு வரும்வரை எந்த நேரமும் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. புதிதாக நோய் தெரிந்த பெண்ணுக்கு இந்தக் கால அட்டவணை விசித்திரமாகப் பொருந்துகிறது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று சிகிச்சையின் கடுமையான பகுதி ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடியும். முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் நடுவே தலைமுடி கொட்டும், திரும்ப முளைக்கும். முதல் நாள் கையெழுத்துப் போட்டவளும் இரண்டாம் நாள் வந்து நிற்பவளும் ஒரே ஆள்தானா என்று சந்தேகப்படும் அளவுக்கு உடல் மாறியிருக்கும். ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஜீவனாம்சம், குழந்தைகள் எல்லாம் பேசி முடிந்திருந்தால் மட்டும் என்று நிபந்தனையும் போட்டது. நோயாளிக்கு அந்த அவசரம் நல்லதல்ல, ஏனென்றால் மனம் மாற அவளுக்கு இருந்த ஒரே அவகாசம் அந்த ஆறு மாதம்.

இனி 2015-க்குத் திரும்பலாம். அந்தத் தீர்ப்பின் மேல் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்தப் பெண் வயதுவந்தவர், ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டவர், பிரிய ஒப்புக்கொண்டார். நோய் வந்துவிட்டதால் அவருடைய சொல் செல்லாது என்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவது இல்லையா? மேலும் அந்தத் தீர்ப்பு இந்து மனைவிக்குக் கணவனே தெய்வம் என்ற பாணியில் பேசியது. கசந்த உறவில் அவரைக் கட்டிவைத்துவிட்டு அதைக் கருணை என்று சொல்வது மனுவின் அடைத்துவைத்தலுக்கு ஓரளவு உறவுள்ள காரியம்தான். இந்த ஆட்சேபத்தில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நலமடைந்த பிறகு என்ற வாக்கியமும் மார்பகப் புற்றுநோய்க்குப் பொருந்தாது. ஐந்து வருடம் கழித்தும் பத்து வருடம் கழித்தும் அது திரும்ப வரலாம், நலமடைந்த தேதி என்று ஒன்றை எந்த மருத்துவரும் எழுதித்தர மாட்டார். ஆனால் ஆட்சேபிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நீதிபதிகள் சந்தேகப்பட்டது அவருடைய புத்தியை அல்ல, பேரத்தை. சிகிச்சைப் பணம் ஒரு கையிலும் விவாகரத்து மறு கையிலும் நீட்டப்படும்போது அவர் எதற்குச் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது? பணம் கைக்கு வந்த பிறகும் அவர் பிரிய விரும்பியிருக்கலாம், விரும்பாமலும் இருந்திருக்கலாம். பணம் வராதவரை அது தெரியாது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? நீதிமன்றம் பணத்தை உடனே கொடுக்கச் சொன்னது முற்றிலும் சரி. விவாகரத்தைத் தள்ளிவைத்தது தேவையற்றது என்று நான் நினைக்கிறேன். ஆனால் தள்ளிவைத்ததற்கு ஒரு சட்டக் காரணம் கண்ணில் படுகிறது. அதைத்தான் நினைவில் வையுங்கள் என்றேன். சிகிச்சை என்ற சொல் எழுதப்பட்டிருக்கும் 1956-ன் சட்டம் மனைவிக்குத்தான். விவாகரத்து ஆணை வந்த அன்றே அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இருக்கிறது, நிரந்தர ஜீவனாம்சம். அதில் மருந்து, சிகிச்சை என்ற வார்த்தை இல்லை, நீதிபதியின் மனம்தான் அளவு. ஆனாலும் அந்தப் பிரிவு போதிய அகலமானது. கணவனின் அசையாச் சொத்தின்மேல் பொறுப்பு ஏற்றலாம், சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றலாம். நோய் திரும்பினால் திரும்ப வரலாம் என்று ஆணையிலேயே எழுதலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்துக்குப் பொது விதிகள் வகுத்தபோது, கடும் நோயும் அதன் தொடர்செலவும் கணக்கில் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே பணமும் விடுதலையும் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல என்று சொல்லி இரண்டையும் தனித்தனியே கொடுக்கச் சட்டத்தில் வழி இருந்தது. அவளைக் காப்பாற்றக்கூடியது பணம், தாலி அல்ல. யாக்ஞவல்கியர் ஆதிவேதனிகத்தைக் கணக்குப் போட்டபோது அவருக்கு இது தெரிந்திருந்தது, மதுரைப் பஞ்சாயத்தாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு ஆட்சேபம், நோய் வந்தால் கணவன்மார் ஓடிவிடுவார்கள் என்ற பயமே மிகைப்படுத்தப்பட்டது என்பது. இது பாதி உண்மை. அமெரிக்காவில் 515 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வு, நோயாளி மனைவியாக இருந்தால் 20.8 சதவீதம் மணங்கள் முறிந்தன, கணவனாக இருந்தால் 2.9 சதவீதம்தான் என்றது. அந்த எண் உலகமெல்லாம் சுற்றியது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மூளைக்கட்டியும் நரம்பு நோயும் உள்ளவர்கள். டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2007-ல் செய்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு விவாகரத்து அதிகரிக்கவில்லை. 2015-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, கணக்கிடுவதில் நேர்ந்த பிழையால் திரும்பப் பெறப்பட்டது. ஆய்விலிருந்து விலகிப்போனவர்களை விவாகரத்தானவர்களாக எண்ணிவிட்டார்கள். ஆகவே நோய் மணத்தை உடைக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. எத்தனையோ கணவர்கள் அடையாறு மையத்தின் காத்திருப்பு நாற்காலிகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கலாம். என் வாதத்துக்கு இந்த விகிதம் தேவையில்லை. ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் மணத்துக்குள் நோய் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி, அது நூற்றில் ஒருத்திக்கு நேர்ந்தாலும் சட்டம் அந்த ஒருத்திக்குப் பதில் வைத்திருக்கவேண்டும்.

பொறுப்பை ஏன் கணவன்மேல் சுமத்தவேண்டும், அவனும் கூலிக்காரனாக இருந்தால்? இது மிகச் சரியான கேள்வி. பாதிச் சொத்து என்ற வழக்கம் சொத்துள்ளவனிடம்தான் செல்லும், சொத்தில்லாதவனிடம் சட்டம் வெறுங்கையோடு நிற்கும். அரசு மருத்துவமனையும் 2009-லிருந்து தமிழ்நாட்டில் வந்த காப்பீட்டுத் திட்டங்களும் இந்த இடத்தில்தான் வரலாற்றை மாற்றின. சிகிச்சைச் செலவைப் பொதுப்பணம் ஏற்கும் அளவுக்கு நோயாளியின் சம்மதம் அவளுடையதாகிறது. ஆனால் அங்கும் ஒரு முடிச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையைப் பார்க்கிறது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் குடும்பம் என்ற சொல்லுக்குள் மனைவி இருக்கிறாள், முன்னாள் மனைவி இல்லை. அமெரிக்கா 1986-ல் ஒரு சட்டம் போட்டு, விவாகரத்தான மனைவி தானே பிரீமியம் கட்டிக் கணவன் வேலைசெய்யும் நிறுவனத்தின் காப்பீட்டில் 36 மாதம்வரை தொடரலாம் என்றது. பொதுக் காப்பீட்டை நாம் அதைவிட நன்றாகக் கட்டியிருக்கிறோம். ஆனால் அதன் அடியில் குடும்பம் என்ற ஒரு கல்லை வைத்திருக்கிறோம். மணம் முறியும்போது அந்தக் கல் நகர்கிறது, அவளுடைய அட்டையும் அதோடு ஆடுகிறது. அட்டையைக் குடும்பத்துக்கு அல்லாமல் ஆளுக்குக் கொடுப்பதுதான் தீர்வு. செய்வது கடினமல்ல, ஆதார் வந்த பிறகு சாக்கும் இல்லை.

இப்போது இந்த நிலையில் இருக்கும் பெண்களுக்காக, கட்டுரையின் போக்கை விட்டு நாலு வரி. இரண்டாம் மனு முடியும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒட்டுமொத்தத் தொகையில் கையெழுத்திடுமுன் சிகிச்சைச் செலவைத் தனி இனமாக எழுதச் சொல்லுங்கள், பணம் கைக்கு வந்த பிறகு கடைசிக் கையெழுத்தைப் போடுங்கள். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் மருத்துவச் செலவைக் கேட்கலாம், 17-ஆம் பிரிவு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைத் தருகிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்கவேண்டாம். 1987-ன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி எண் 15100.